ஷார்ஜாவில் எங்களுக்கு ஒரு ஹால்

கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கிய அன்றுதான், நாங்கள் வெளிநாட்டுக்கு வந்துவிட்டோம் என்பது எனக்கு உறைத்தது. விமானத்தில் ஏறியபோது உறைக்கவில்லை. இறங்கி, இட்லிப் பானையைத் திறந்தது போன்ற அந்தக் காற்று முகத்தில் அடித்தபோதும் உறைக்கவில்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினால் கேட்காமலே பையில் திணிக்கிற கறிவேப்பிலை, ஷார்ஜாவில் கண்ணாடித்தாள் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டி, குளிர்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். விலையை இருபத்திரண்டால் பெருக்கினேன். திரும்ப வைத்தேன். ரசத்துக்கு வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்தேன். அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரும் மகளும் அந்த இலைகளை வழக்கம்போல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். எனக்கு வந்த கோபத்தில், மூன்று பேரும் கறிவேப்பிலையை மென்று தின்றோம்.

என் வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். எண்ணூர்ப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டு ஒன்றில், பெரிய கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பத்து வருடம் வேலை பார்த்தவர். கான்ட்ராக்ட் கைமாறி, புதிதாக வந்தவர்கள் சம்பளத்தைக் குறைத்துப் பேசிய சமயத்தில், ஷார்ஜாவில் இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொன்னார். சம்பளத்தைக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் பெருக்க ஆரம்பித்தார்கள். ஒரு திர்ஹாமுக்கு அப்போது இருபத்திரண்டு ரூபாய்ச் சொச்சம். என் அம்மா மட்டும் பெருக்கவில்லை. முப்பது வருடமாக மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், வரவைப் பார்க்குமுன் செலவைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. மாப்பிள்ளை மட்டும் போகட்டும், நீயும் பிள்ளையும் இங்கேயே இருங்கள், துட்டு மிஞ்சும் என்றாள்.

எங்கள் குப்பத்திலிருந்து வெளிநாடு போன ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து, பெற்ற பிள்ளைக்குத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பிள்ளை பழகி மடியில் உட்காரும்போது கிளம்பிப் போனார்கள். என்னால் அது ஆகாது என்றேன். நானும் அம்மாவும் நாலு நாள் சண்டை போட்டோம். நாலாம் நாள் அம்மா விட்டுக்கொடுத்தாள். அவள் விட்டுக்கொடுக்கும் அழகே தனி.

"போ. நல்லா போ. ஆறு மாசத்துல துட்டு பத்தலன்னு பொட்டிய தூக்கிக்கினு வருவே, அப்ப பேசிக்கிறேன்."

இதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு அம்மாவின் கோபம் வராமல் போயிருந்தாலும், அம்மாவின் ரோஷம் அப்படியே வந்திருந்தது. துட்டு பத்தவில்லை என்று உயிர் போனாலும் அவளிடம் சொல்வதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். கோபமும் வந்திருந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார், அதை நம்பவேண்டியதில்லை.

துட்டு முதல் மாதமே பத்தவில்லை. தனி வீடு பார்க்கலாம் என்று நாலு இடம் ஏறி இறங்கினோம். வாடகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் இரண்டு படுக்கையறைகள் உள்ள ஒரு வீட்டில் ஓர் அறை கிடைத்தது. இன்னோர் அறையில் கேரளத்துக் கணவன் மனைவி. அந்த அம்மா நர்ஸ். ஹாலைப் பலகை போட்டு மறைத்து, வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்திருந்தவர் அதையும் வேறு யாருக்கோ விட்டிருந்தார். அடுப்படி எங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஃபிரிட்ஜில் நடுத்தட்டு எங்களுடையது. குளியலறைக்கு வரிசை.

நான் அழவில்லை. அழ நேரமில்லை, ஏனென்றால் பெருக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேனைப் பெருக்கினேன். பள்ளிக்கூட பஸ் கட்டணத்தைப் பெருக்கிவிட்டு, அந்தப் பணத்தில் எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவில் எத்தனை வருடம் போகலாம் என்று வகுத்தேன். மகளின் ஷூவைப் பெருக்கியபோது கடைக்காரருக்கே என் உதடு அசைவது தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு முடி வெட்டக் கடைக்குப் போகவேண்டாம், நானே வெட்டுகிறேன் என்று கத்தரிக்கோல் எடுத்தேன். முதல் தடவை ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. கிரேன் கூண்டுக்குப் போகிறவரைக்கும் ஹெல்மெட் போடுவது கட்டாயம் என்பதால் அவர் பிழைத்தார். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் மீன் துண்டைக் காட்டி, இது எவ்வளவு தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி, "பெருக்காதே. பெருக்குனா சோறு எறங்காது" என்றார். அதிலிருந்து வீட்டில் பெருக்குவதற்குத் தடை. நான் குளியலறையில் பெருக்கிக்கொள்வேன்.

எல்லாமே யானை விலை என்று சொன்னால் பொய். குப்பூஸ் ரொட்டி மலிவு, பேரீச்சம்பழம் மலிவு, கோழி பரவாயில்லை. வெள்ளிக்கிழமைகளில் பெரிய பெரிய மால்களில் நாள் முழுக்க ஏசியில் நடக்கலாம். காற்றுக்குக் காசு இல்லை. நாங்கள் நடந்து தேய்த்த பளிங்குத் தரைக்குக் கணக்கே கிடையாது. மகள் அங்கேதான் சைக்கிள் ஓட்டக் கேட்டாள், காவலாளி மறுத்துவிட்டார். பள்ளியில் நல்ல மார்க் வாங்கினாள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து அவளோடு படம் வரைவார். அந்த ஓர் அறையில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். அதற்காகத்தானே வந்தோம்? அந்தச் சந்தோஷம் உண்மை. அதைப் பொய் சொல்லித்தான் காட்டவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை.

பொய் மிகச் சின்னதாக ஆரம்பித்தது. ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு குடும்பத்திடமிருந்து பழைய சோஃபா ஒன்று மலிவாக வாங்கினோம். பகலில் சோஃபா, இரவில் மகளுக்குக் கட்டில். பின்னால் ஒரு பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தேன்; திரைக்குப் பின்னால் அரிசி மூட்டை, பெட்டிகள், துணிக்கொடி. ஒரு நாள் வீடியோ காலில் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது ஹாலா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஆனால் ஹால் இருந்தால் அதற்குப் பக்கத்தில் வேறு அறைகளும் இருந்தாகவேண்டுமே. அடுத்த வாரம் ஒரு படுக்கையறை சேர்ந்தது, அதற்கடுத்த மாதம் பால்கனி. வாடகை தராமல் நான் கட்டிய வீடு அது.

ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்து, கேரளத்து அம்மா தன் குக்கரோடு குறுக்கே போனது போன் திரையில் தெரிந்துவிட்டது. யார் அது என்றாள் அம்மா. வேலைக்கு வருகிறவர் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் அடுப்படியில் அவர், தனக்கு இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லையே என்று ரொம்ப அடக்கமாகக் கேட்டார். நான் வெட்கத்தில் செத்தேன். அவர் சிரித்துவிட்டு, தானும் தன் மாமியாரிடம் எங்களைத்தான் டிரைவர் குடும்பம் என்று சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் நெருங்கிய சிநேகிதிகள்.

பொய்க்கும் பராமரிப்புச் செலவு உண்டு. பால்கனி வைத்திருக்கிறவள் தம்பி மகளின் காதுகுத்துக்குச் சாதாரணமாக மொய் வைக்க முடியுமா? அம்மா எங்கள் பெயரில் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டு எனக்குச் சொல்லுவாள். அப்புறம் மிக்ஸி, அப்புறம் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெரு சார்பில் மைக் செட். ஒவ்வொன்றுக்கும் நான் "அதுக்கின்னா, அனுப்பிட்றேன்" என்பேன். என் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்ப்பார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் ஒரு நாள் அந்தப் பூப்போட்ட திரையைப் பார்த்து, இதுதான் நம் வீட்டிலேயே விலை உயர்ந்த சாமான் என்றார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அப்போதுதான் என் தம்பி போன் செய்தான்.

என் தம்பிக்கும் அவன் கூட்டாளிக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. படகில் பாதிதான் இவனுடையது, எஞ்சின் முழுக்க இவனுடையது. அந்த எஞ்சினை வைத்துத்தான் அவன் குடும்பம் சாப்பிடுகிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டால் படகு வெறும் தொட்டி. அன்று அவன் ரொம்ப உற்சாகமாக இருந்தான்.

"யக்கா, எஞ்சினுக்கு பார்ட்டி ஒன்னு சிக்கிகீது. தள்ளிவுட்டுட்டு, விசிட் விசா அடிச்சிக்கினு அங்க வந்துடறேன். உன் ஹால்ல ஒரு ஓரமா பட்த்துக்கிறேன், இன்னா?"

வேண்டாம்டா என்று சொல்லியிருக்கவேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "வாடா, தாராளமா வா." வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எங்கே படுப்பான், ஃபிரிட்ஜ் மேலா என்று கேட்டார். அன்றைக்கு மகள் தூங்கிய பிறகு நான் தரையை முழம் போட்டு அளந்தேன். சோஃபாவை விரித்துப்போட்டால் மிச்சம் இருந்தது கதவு திறக்கிற இடம் மட்டும்தான். இடம்கூடப் பெரிய விஷயமில்லை. விசிட் விசாவில் வந்து, இரண்டு மாதம் வேலை தேடி அலைந்து, கையில் இருந்ததைச் செலவழித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் எங்கள் கட்டிடத்திலேயே பார்த்திருக்கிறேன். இவனும் அப்படித் திரும்பினால், கரையில் இவனுக்கு எஞ்சின் இருக்காது. என் ஹாலை நம்பி, இல்லாத ஹாலை நம்பி, என் தம்பி பிழைப்பை விற்கப் போகிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை, பெருக்காமலே.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம், நேரில் பேசிக்கொள்ளலாம், அதுவரை எஞ்சினைத் தொடாதே என்று ஒரு வழியாகச் சொன்னேன். அவனும் சரி என்றான். வாங்குகிறவர் எர்ணாவூர்க்காரர், நீ வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்கிறேன், நீயும் கூட இருந்தால் ராசி என்றான்.

ஊருக்குப் போவதுதான் வெளிநாட்டு வாழ்க்கையிலேயே பெரிய செலவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விமான நிலையத்துக்கு எங்களை அழைத்துப்போக இரண்டு வேன் வந்திருந்தது. ஏன் இரண்டு வேன் என்றால், ஒரு வேனில் தெரு கொள்ளவில்லை. வேன் வாடகை யார் கொடுப்பது? வழியில் பதினேழு பிரியாணி யார் வாங்குவது? துபாய்க்காரிதான். ஷார்ஜா என்று எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் தெருவுக்கு அது துபாய்தான். விமானம் ஏறினால் எல்லாம் துபாய். பெட்டியைத் திறந்து பவுடர், தைலம், சோப்பு, போர்வை என்று பங்கு வைத்து முடித்தபோது, எனக்கென்று வைத்திருந்த போர்வையும் காணாமல் போயிருந்தது.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது, ஊரே என்னிடம் விலையை ஏற்றிச் சொன்னதுதான். ஆட்டோக்காரர் ஒரு தொகை சொன்னார். நான் இந்தத் தெருவிலேயே பிறந்தவள், என்னிடமே துபாய் ரேட்டா என்று சண்டை பிடித்து இறங்கி, கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் மகளை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். தக்காளி வியாபாரியிடம் இன்னும் பெரிய சண்டை. போன தடவை இதே தக்காளியை நீ எவ்வளவுக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து ஒரு மாதிரியாகவே இருக்கிறாய், வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். இரண்டு வருடம் துபாயில் இருந்தவளுக்குத் திருவொற்றியூர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை!

தம்பியிடம் சொல்ல ஒரு சாயங்காலம் கரைக்குப் போனேன். கல் கொட்டிய கரைக்கு இந்தப் பக்கம் படகை ஏற்றி வைத்து, எஞ்சினை டீசல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி அலங்காரம் செய்வது மாதிரி இருந்தது. நான் சுற்றி வளைத்தேன். அங்கே வெயில் பயங்கரம் என்றேன். பரவாயில்லை என்றான். வேலை உடனே கிடைக்காது என்றேன். லோடுமேனோ ஹெல்பரோ எதுவானாலும் செய்வேன் என்றான். வாடகை ரொம்ப அதிகம்டா என்றேன். அவன் துடைப்பதை நிறுத்தாமல், "அதுக்குத்தான்க்கா வர்றேன்" என்றான். இவன் காதில் எதுவுமே ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமலே திரும்பி நடந்தேன். மேலே வீட்டு வாசலில் அம்மா யாரோ ஒரு பெண்ணிடம் என் பால்கனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இராத்திரி வீட்டுக்காரரிடம், நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். வீட்டைக் கட்டினது நீ, இடிக்கிறதும் நீயே செய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எர்ணாவூர்க்காரரும் வந்தார். தடித்த, பொறுமையான மனிதர். எஞ்சினைத் தட்டிப் பார்த்தார், ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார், எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். என் வீட்டுக்காரர், மகள், வீட்டு வாசலில் தட்டில் டீயோடு அம்மா. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அறுபதாயிரம் தரலாம் என்றார்.

எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. பொய்யை உடைக்காமலே காரியத்தைக் கெடுக்கலாம். நான் ஊரைவிட்டுப் போனபோது இந்த மாதிரிப் பழைய எஞ்சின் ஐம்பது, ஐம்பத்தைந்துக்குப் போனது எனக்கு நன்றாகத் தெரியும். எனவே ஆள் தலைதெறிக்க ஓடுகிற மாதிரி ஒரு விலை சொன்னால் போதும்.

"தொண்ணூறு. ஒத்த ரூபா கொறையாது. இஷ்டம்னா எட்த்துக்கோங்க, இல்லன்னா டீ குட்ச்சிட்டு கெளம்புங்க" என்றேன்.

அவர் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். இன்னொரு முறை எஞ்சினைப் பார்த்தார். எண்பத்தெட்டு, முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து அட்வான்ஸை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார்.

அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. ஆட்டோக்காரர் என்னை ஏமாற்றவில்லை. தக்காளி வியாபாரியும் ஏமாற்றவில்லை. நான் இல்லாத இரண்டு வருடத்தில் எங்கள் ஊர் விலைவாசியும் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. புது எஞ்சின் விலை எங்கேயோ போய்விட்டதால் பழைய எஞ்சினுக்கும் மவுசு. என் தலைக்குள்தான் திருவொற்றியூர் நான் கிளம்பிய தேதியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஷார்ஜா கறிவேப்பிலையிலிருந்து மகளின் ஷூ வரைக்கும் நான் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்ததெல்லாம், இப்போது எங்குமே இல்லாத ஒரு விலையோடு. தம்பி என்னைப் பெருமையாகப் பார்த்து, அக்கா வாய் பேசினால் சும்மாவா என்றான். அவன் பிழைப்பை நானே நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்திருந்தேன்.

எங்கள் கரையில் அட்வான்ஸ் கைக்கு வந்து, அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது; அப்புறம் மாறினால் கேவலம். அவன் இன்னும் போடவில்லை. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாதடா. எனுக்கு ஹாலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒத்த ரூம்பு. சோஃபாதான் புள்ளைக்கி கட்டிலு. அடுப்பே மணிக்கணக்கு பாத்துதான் பத்த வெக்கிறேன். நீ வந்தா பட்க்க எடம் இல்லடா. எல்லாம் பொய்யி."

மகள் தன் அப்பாவிடம், இது ரகசியம் இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள். தம்பி என்னையே பார்த்தான். அவன் முகத்தில் அதிர்ச்சியைத் தேடினேன், காணவில்லை.

"தெரியும்க்கா" என்றான். "ரெண்டு வருஷமா நீ அந்த சோஃபாவ வுட்டு எழுந்துக்கவே இல்ல. பெரிய வூடு வெச்சிக்கினுகீறவ ஒரே எடத்துலயா குந்திக்கினு இருப்பா?"

அப்படியானால் ஏன்டா வருகிறேன் என்றாய் என்று கத்தினேன். அதற்கு அவன் சொன்ன பதிலை நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

"படகுல ரெண்டு பேரு போனாலும் அதே டீசலு, நாலு பேரு போனாலும் அதே டீசலு. ஆளு ஏற ஏற தலைக்கு செலவுப் பங்கு கொறையும். மாமா ஒத்த ஆளா எத்தினி நாளு இழுப்பாரு? நான் வந்து வேல செஞ்சி, வாடகைல பாதி போட்டா உனுக்கு மூச்சு வுட எடம் கெடைக்கும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே கோபம்தான் முதலில் வந்தது. எனக்காக எஞ்சினை விற்க உனக்கு யார் சொன்னது, வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் உன் பிள்ளைகள் என்னத்தைத் தின்னும் என்று திட்டித் தீர்த்தேன். அவனும் திருப்பித் திட்டினான். பொய் சொன்னவளுக்குப் பேச வாயில்லை என்றான். எர்ணாவூர்க்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். அக்கா ரெண்டு வருஷமாகக் கட்டிக் காத்த மானத்தை உன் எஞ்சினுக்காக ஊர் பார்க்கப் போட்டு உடைத்திருக்கிறாள், அதுக்காவது மரியாதை கொடு மச்சான் என்றார். தம்பி பணத்தை எர்ணாவூர்க்காரர் கையில் திருப்பிக் கொடுத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றான். அவர் முகம் சுளித்தார், ஆனால் சண்டைக்கு வரவில்லை. தனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் நான் வாசல் பக்கம் திரும்பினேன். தம்பிக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவள் கீழே இறங்கி வந்து, எர்ணாவூர்க்காரருக்கு டீயைக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் கிளாஸை வாங்கிக்கொண்டு மேலே போனாள். மத்தியானம் வஞ்சரம் வறுத்து எல்லாருக்கும் போட்டாள். எனக்கும் போட்டாள். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். ஆறு மாதத்தில் திரும்பி வருவாய் என்று சொன்னேனே என்பாள், இப்போது சொல்வாள், இதோ சொல்லப்போகிறாள் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

எல்லாரும் எழுந்துபோன பிறகு அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். மிக்ஸியும் மொய்யும் மைக் செட்டும் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தன போலிருக்கிறது. விரலை மடக்கிக்கொண்டே இருந்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"நீ கீதுன்னு சொன்னே, நாங்க கேட்டோம்" என்றாள். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, குட்த்திருப்போமேடி."

தயாராக வைத்திருந்த பதில் எதுவும் இதற்கு உதவவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். வெளிநாடு போய் முதல்முறையாக அப்போதுதான் அழுதேன், அதுவும் திருவொற்றியூரில். அம்மா என்னைத் தேற்றவில்லை. அவளும் மூக்கைச் சிந்திவிட்டு, மீனை வீணாக்காதே, கிலோ என்ன விலை தெரியுமா என்று சொல்லித் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினாள்.

நாங்கள் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டோம். அதே அறை, அதே நடுத்தட்டு. தம்பி அதே எஞ்சினோடு கடலுக்குப் போகிறான். கிடைக்கிற நாளில் கிடைக்கிறது. தெருவில் என் பால்கனியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை என்று கேள்வி. அம்மா அதை எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் கட்டணத்தைத் திடீரென்று உயர்த்திவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு அந்த மாதம் ஓவர்டைம் இல்லை. எத்தனை விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தும் இடித்தது. இரண்டு நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள், அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து கை கால் கழுவியிருப்பாள் என்று தெரிந்த நேரத்தில் கூப்பிட்டேன். மழை, மீன் வரத்து, மகளின் பல் விழுந்தது என்று என்னென்னவோ பேசினேன். பேச்சு தீர்ந்துபோனது. அம்மா போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

"கையில இல்லம்மா" என்றேன்.

அம்மா காரணம் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவள் எழுந்து நடக்கிற சத்தமும், பீரோ கதவு திறக்கிற சத்தமும் கேட்டன.

"எவ்ளோன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன்.